கூடக் கொஞ்சம்

மதுரை விமான நிலையத்தில் ஜஸீலாவைத் தெரியாதவர்கள் என்று பார்த்தால், அன்றுதான் முதன்முதலாக விமானம் ஏற வந்தவர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டே நடப்பவர்களாக இருக்க வேண்டும். மற்ற எல்லாருக்கும் அவளைத் தெரியும். பார்த்துத் தெரியாவிட்டாலும் கேட்டாவது தெரியும். அப்படி ஒரு குரல். மைக்கே இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் அறிவிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரே பணிப்பெண் அவள்தான் என்று பைலட்டுகளே சொல்லிச் சிரிப்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

காஜிமார் தெருப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அத்தா பாதுஷாவுக்குத் தெற்குமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற வேலை. மகள் ஏரோப்ளேனில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் மனுஷன் குதிப்பார், அழுவார், ஜமாத்தைக் கூட்டுவார் என்றெல்லாம் நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். அவர் நேரே டீக்கடைக்குப் போய் அங்கிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார். அதற்கப்புறம் வானத்தில் எந்த விமானம் போனாலும் மொட்டைமாடியில் ஏறி நின்று தோள் துண்டை எடுத்து வீசிக் காட்டினார்.

"அத்தா, அது என் ப்ளைட் இல்லத்தா. வேற கம்பெனி" என்பாள் ஜஸீலா.

"இருந்தா என்னம்மா? அதுலயும் யாரோ ஒருத்தரு பெத்த புள்ளதான நிக்கிது" என்பார் பாதுஷா.

மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

அவள் வேலை பார்த்த கம்பெனிக்குப் பெயர் வேண்டாம். கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து புறப்படுகிற விமானங்களுக்கென்று நாற்பது பேர் போல ஆணும் பெண்ணுமாகப் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு மதுரையில் ஒரு பிரதிநிதி வேண்டும் என்று தேர்தல் வைத்தபோது, ஜஸீலா டெல்லிக்கும் மதுரைக்கும் நடுவில் எங்கேயோ காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தால் கையில் ஒரு மாலை. "யாருமே நிக்க மாட்டேன்னுட்டாங்கக்கா. பேசத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்" என்றான் சிவபாண்டி. அவனியாபுரத்துக்காரன். வாட்டசாட்டமான ஆள். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்கிற வித்தையே தெரியாதவன். இவனைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெரிய காரியம் செய்யப் போகிறான்.

பேசத் தெரிந்தவள்தான். ஓட்டமும் நடையுமாக இருக்கிற வேலைக்குக் குதிகால் செருப்பு எதற்கு என்று பேசி, தட்டையான செருப்பு வாங்கிக் கொடுத்தாள். விடியற்காலை டூட்டிக்கு அழைக்க வருகிற வேன், தெரு குறுகல் என்று சொல்லி மெயின் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. பெண்பிள்ளைகள் இருட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அதையும் பேசி, ஒரு சின்ன வண்டியை வீட்டு வாசலுக்கே வரவழைத்தாள். ஒவ்வொரு தடவையும் கம்பெனி ஆட்கள், "இந்தம்மா பேச ஆரம்பிச்சா லேண்டிங்கே கிடையாது" என்று அலுத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆனால் மதுரையில் அவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்ததற்குக் காரணம் செருப்பும் வேனும் இல்லை. செய்முறைதான்.

மதுரைப் பக்கம் செய்முறை இல்லாமல் ஒரு விசேஷம் கிடையாது. என் வீட்டுக் காதுகுத்துக்கு நீ ஒரு கெடா ஓட்டிக்கொண்டு வந்தால், உன் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கெடாவோடு ஒரு மாலையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வாங்கினதை வாங்கினபடியே திருப்புவது மரியாதை இல்லை. கூடக் கொஞ்சம் வைக்க வேண்டும். இதைத்தான் இவர்கள் டூட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நோன்பு மாதம் வந்தால் விடியற்காலை டூட்டியெல்லாம் கூட வேலை பார்க்கிற நாகஜோதியும் சிவபாண்டியும் எடுத்துக்கொள்வார்கள். ஜஸீலா வீட்டில் நிம்மதியாக விடியுமுன் சஹர் சாப்பிட்டு, நோன்பு வைத்துவிட்டுப் பகல் விமானத்துக்கு வருவாள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ஜஸீலாவும் ஆயிஷா சித்திகாவும் மற்றவர்களுக்காகப் பறப்பார்கள். சென்னை டூட்டி வாங்கியிருந்தால் டெல்லி டூட்டியாகத் திருப்புவார்கள். பகல் டூட்டிக்கு விடியல் டூட்டி. அதுவும் போக ஒரு தூக்குவாளி நிறைய பிரியாணி. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை, ஒருத்தரும் மறக்கவும் இல்லை.

இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்து சேர்ந்தது. யார் எப்போது பறப்பது என்பதை இனி அதுவே பார்த்துக்கொள்ளும், ஒருத்தர் டூட்டியை இன்னொருத்தர் மாற்றிக்கொள்ளவே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கம்ப்யூட்டருக்கு ரம்ஜான் பிறையும் தெரியாது, ஆவணி முகூர்த்தமும் தெரியாது. அதன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது.

போட்ட போட்டில் நாகஜோதி மாட்டிக்கொண்டாள். சோழவந்தானுக்கு மேற்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம் அவளுடையது. புருஷன் சோலை என்பவன் வெற்றிலையைப் பார்த்துக்கொள்ள, இவள் விமானத்தைப் பார்த்துக்கொண்டாள். மகள் ஆர்த்திகாவுக்கு ஆவணியில் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேண்டியது தாய்மாமன். அந்தத் தாய்மாமன், அதாவது நாகஜோதியின் அண்ணன் முத்திருளன், ராணுவத்தில் இருந்தான். வடக்கே எங்கோ எல்லையில் இருந்தவனுக்கு ஒரே ஒரு வாரம்தான் லீவு கிடைத்தது. அந்த வாரத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்தார்கள். சரியாக அந்த நாளில் நாகஜோதிக்குச் சென்னை, ஐதராபாத், டெல்லி என்று மூன்று நாள் சுற்று விழுந்தது. லீவு கேட்டால், முகூர்த்த மாதம், எல்லா லீவும் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடவும் முடியாது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சிக்கி ஒரு டூட்டிக்கு வர முடியாமல் போனதில் ஏற்கெனவே அவள் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. இன்னொன்று விழுந்தால் வேலை போய்விடும்.

பணியாளர் அறையில் உட்கார்ந்து நாகஜோதி அழுதாள். கண்மை கலைந்தால் மறுபடி மேக்கப் போட வேண்டுமே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே அழுதாள். இந்த வேலையில் இருக்கிறவர்கள் அழுகிற விதம் அது.

"என் புள்ள காதுகுத்துக்கு நானே இல்லைன்னா எப்படிக்கா? எங்கண்ணே வேற அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராக..."

"இந்தா, அழுகைய நிப்பாட்டு. நீ போயி புள்ளைக்குப் பட்டுப்பாவாடைக்கு அளவு குடு. டூட்டி என் பாடு" என்றாள் ஜஸீலா. "நோன்பு பூராம் எனக்காக நீ விடியாம எந்திரிச்சு ஓடினவ. அதை நான் திருப்ப வேணாமா?"

வாக்கு கொடுத்தாயிற்று. டூட்டி மாற்றுகிற உரிமையைத் திரும்ப வாங்காமல் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. ஜஸீலா சங்கத்தின் மூலமாகப் போட்ட சத்தத்தில், தலைமை அலுவலகத்திலிருந்தே ஒருத்தர் பேச வந்தார். தேஷ்பாண்டே என்று பெயர். பூனாக்காரர். யாருக்கு எப்போது டூட்டி என்று போடுகிற ரோஸ்டர் பிரிவுக்கே அவர்தான் தலை. ஆள் ஒல்லி, நரைத்த மீசை, அளந்து அளந்து பேசுகிறவர். பல வருஷம் அவரும் விமானத்தில் டிராலி தள்ளியவர்தான் என்று கேள்விப்பட்டதும் ஜஸீலாவுக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது.

பேச்சுவார்த்தை நன்றாகத்தான் போனது. அலுத்துப்போனவர்களுக்கு எப்போது ஓய்வு வேண்டும் என்பது கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்று ஜஸீலா எடுத்துச் சொன்னாள். மாற்றிக்கொள்ள விடாவிட்டால் ஆட்கள் காய்ச்சல் என்று பொய் சொல்லத்தான் செய்வார்கள் என்றாள். தேஷ்பாண்டே தலையாட்டிக் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். இப்படி மாற்றிக்கொள்வதில் யாருக்காவது லாபம் உண்டா?

ஜஸீலா வாயைத் திறப்பதற்குள் சிவபாண்டி எழுந்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்கிலீஷில் அடித்தான். "சார், நாங்கள் யாரும் கடன் வைத்துக்கொள்கிற ஆட்கள் இல்லை. ஒரு டூட்டி வாங்கினால் அதைவிடக் கூடத்தான் திருப்புவோம்!"

தேஷ்பாண்டேயின் பேனா நின்றது. "கூட என்றால்?"

"எக்ஸ்ட்ரா சார். கம்பல்சரி."

"ஒருவர் கூடத் தராவிட்டால்?"

"அதெப்படி சார் தராமல் இருப்பார்? அப்புறம் எங்கள் முகத்தில் எப்படி முழிப்பார்?" என்று சொல்லிவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்தான் சிவபாண்டி. மானத்தோடு வாழ்கிறோம் என்று சொன்னதாக அவன் நினைப்பு.

தேஷ்பாண்டே பேனாவை மூடினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். "ஆக, வாங்கிய டூட்டியை வட்டியோடு திருப்ப வேண்டும். திருப்பாதவர் மிரட்டப்படுவார். இந்த மாதிரி நடக்கக் கூடாது என்றுதான் நாங்கள் தடையே கொண்டுவந்தோம்" என்றார். நாளை சாயங்கால விமானத்துக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். முடிவு என்னவென்று அந்த அறையில் இருந்த நாற்காலிகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஜஸீலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வட்டி இல்லை சார் என்று சொல்லலாம். வட்டி இல்லையென்றால் வேறு என்ன? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச்சு நின்றது. சிவபாண்டியைத் திட்டவும் மனசு வரவில்லை. அவன் பொய்யா சொன்னான்?

வீட்டுக்குப் போனால் புருஷன் அசீம் வாசலில் அண்டாவை உருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாடகைப் பாத்திரக்கடை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எந்த விசேஷத்துக்குப் பிரியாணி வெந்தாலும் பாதிக்குப் பாதி அசீமின் தேக்சாவில்தான் வேகும்.

"காலையில திருப்பரங்குன்றத்துல ஒரு கல்யாணம். அம்புட்டுப் பாத்திரமும் கேட்டிருக்காக" என்றான் அசீம். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, வாய்க்கு லீவு விட்டுட்டியா?" என்றான்.

ஜஸீலா அவனையே பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தேஷ்பாண்டேயைக் கூப்பிட்டாள். விமானத்தில் கற்ற ஹிந்தியில் சொன்னாள். "சார், கூட என்றால் என்ன என்று கேட்டீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் என்னோடு வாருங்கள், காட்டுகிறேன். சாப்பாடும் நன்றாக இருக்கும்."

என்ன நினைத்தாரோ, மனுஷன் சரி என்றார். மறுநாள் காலையில், மதுரையில் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டியில், பின்னால் அண்டாவும் தேக்சாவும் கடகடவென்று முட்டிக்கொள்ள, அசீமுக்குப் பக்கத்தில் பெல்ட்டைத் தேடிக்கொண்டே உட்கார்ந்து திருப்பரங்குன்றம் போய்ச் சேர்ந்தார் ரோஸ்டர் பிரிவின் தலைவர். ஜஸீலா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள்.

மண்டபத்தில் மைக்கைப் பிடித்திருந்தவர் சங்கிலி. வருகிற செய்முறையை மைக்கில் அறிவிப்பதுதான் அவர் தொழில். ஜில்லாவில் அவர் குரல் கேட்காத மண்டபம் கிடையாது. "அலங்காநல்லூர் அத்தை வீட்டுச் சார்பா கெடா ஒண்ணு, மாலை ஒண்ணு! செக்கானூரணி மாமன் வீட்டுச் சார்பா குத்துவிளக்கு ஒரு ஜோடி, அதோட வாழைத்தார் ரெண்டு!" ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தேஷ்பாண்டே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். அதன் பிறகு அவருக்கு ஒரு கூச்சம் வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போவதா? மனைவிக்கென்று முந்தின நாள் வாங்கிய சுங்குடிச் சேலை பையில் இருந்தது. மணமேடைக்குப் போய் அதைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

சங்கிலி விடுவாரா? பக்கத்தில் நின்ற ஜஸீலாவிடம் பேர் கேட்டு முழக்கினார். "பூனா தேஷ்பாண்டே ஐயா சார்பா, சுங்குடிச் சேலை ஒண்ணு!"

அடுத்த நிமிஷம் பெண்ணின் தகப்பனார் ஆண்டிச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். தேஷ்பாண்டேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்க யாரு எவருன்னு தெரியல. எம் புள்ளைக்குச் சேலை எடுத்துக் குடுத்திருக்கீக. உங்க வீட்டுல விசேஷம் எப்பன்னு சொல்லுங்க. நான் வந்துருவேன்."

ஜஸீலா ஹிந்தியில் சொன்னாள். தேஷ்பாண்டே ஒரு நொடி தயங்கினார். "எங்கள் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை" என்றார்.

"இல்லைன்னா எப்படி? இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்ல? ஊரு, தெரு, வீட்டு நம்பரு சொல்லுங்க. செய்யாம விட்டா எனக்குத் தூக்கம் வராது." ஆண்டிச்சாமி நிஜமாகவே கலங்கிப்போனார். வேறு வழி தெரியாமல் உள்ளே ஓடி, ஒரு முழு வாழைத்தாரையும் இரண்டு பை தேங்காயையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். அதுவும் போதாது என்று தன் தோளில் கிடந்த புது அங்கவஸ்திரத்தை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றதும் தேஷ்பாண்டே கேட்டார். "நான் எதையும் திருப்பிக் கேட்கவில்லையே. அவருக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?"

நேற்று முழுக்கத் தேடியும் கிடைக்காத வார்த்தை அப்போது ஜஸீலாவுக்குக் கிடைத்தது. "சார், வாங்கினதைச் சமமாகத் திருப்பினால் கணக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் நீங்கள் யாரோ, நான் யாரோ. அது முடியக் கூடாது. அதற்காகத்தான் கூடக் கொஞ்சம் வைக்கிறோம். உங்களிடம் முடித்துக்கொள்ள அவருக்கு மனசில்லை, அதுதான் வருத்தம். சிவபாண்டி நேற்றுச் சொன்னதும் இதைத்தான். எங்களில் யாரும் யாரோடும் கணக்கு முடித்துக்கொள்கிறதில்லை."

தேஷ்பாண்டே வாழைத்தாரைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார். போகிற வழியெல்லாம் அந்த அங்கவஸ்திரம் அவர் தோளிலேயே கிடந்தது.

மத்தியானம் பணியாளர் அறையில் மறுபடி உட்கார்ந்தார்கள். டூட்டியை மாற்றிக்கொள்ளலாம், மதுரையில் ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றார் தேஷ்பாண்டே. ஆனால் ஓய்வு நேரத்தில் கை வைக்கக் கூடாது. அதனால் டூட்டிக்கு டூட்டிதான், கூடுதலாகப் பறப்பது கிடையாது.

"கூடக் கொஞ்சம் வைக்காம எப்படி சார்?" என்று சிவபாண்டி பதறினான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஜஸீலா பேசினாள், அவர் மறுத்தார், இவள் பேசினாள். கடைசியில், கூடுதல் என்பது சாப்பாடாக மட்டும் இருக்கலாம் என்று ஒப்பந்தமானது. அதில் பிரியாணியும் சேர்த்தி என்று ஜஸீலா தனியாக எழுத வைத்தாள். இந்தியாவில் வேறு எந்த விமானக் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் பிரியாணி என்ற சொல் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

கையெழுத்தானதும் அறையே அதிர்ந்தது. நாகஜோதி ஜஸீலாவைக் கட்டிக்கொண்டாள். "இந்தா, உன் மூணு நாள் சுத்தை எனக்கு மாத்திக் குடு" என்று போனை எடுத்தாள் ஜஸீலா.

"அக்கா..." என்று இழுத்தான் சிவபாண்டி. "உங்களுக்கு இந்த மாசத்துக்குப் பறக்குற நேரம் பூராம் முடிஞ்சுபோச்சேக்கா."

ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவள் தன் கணக்கைப் பார்க்கவில்லை. சட்டம் அனுமதிக்கிற மணி நேரம் தீர்ந்துவிட்டால் ராஜாவே சொன்னாலும் பறக்க முடியாது. பரவாயில்லை, வேறு யாராவது எடுக்கட்டும் என்று ஜஸீலா சுற்றிப் பார்த்தாள். யாரும் கை தூக்கவில்லை. ஆயிஷா சித்திகா மேற்கூரையைப் பார்த்தாள். ஒருத்தன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான்.

"என்னங்கடா? நாகஜோதி உங்க யாருக்குமே டூட்டி பாத்ததில்லையா?"

"பாத்திருக்காக்கா. அதுனாலதான்" என்றான் சிவபாண்டி பாவமாக. "அன்னைக்கு டூட்டி இல்லாதவுக பூராப் பேரும் காதுகுத்துக்குப் போறோம். செய்முறைக்குப் போகாம இருக்க முடியுமா? நான்தான் கெடா பிடிச்சு விட்டிருக்கேன்."

இப்படி ஒரு சிக்கல் வரும் என்று ஜஸீலா கனவிலும் நினைக்கவில்லை. இத்தனை பாடுபட்டு உரிமையை வாங்கினால், பாசம் முட்டுக்கட்டை போடுகிறது. எல்லாருக்கும் விசேஷத்துக்குப் போக வேண்டும், பறக்க ஒரு ஆள் இல்லை. நாகஜோதியின் முகம் மறுபடி அண்ணாந்துகொண்டது.

என்ன சத்தம் என்று தேஷ்பாண்டே விசாரித்தார். ஜஸீலா வெட்கத்தோடு சொன்னாள். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மீசைக்கு மேலே கண்ணெல்லாம் சிரித்தது.

"என் லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது" என்றார். "பயிற்சி கொடுக்கிறவன் என்பதால் வருஷத்துக்குச் சில தடவை நான் பறந்தாக வேண்டும். நாகஜோதியின் டூட்டியை என் பெயருக்கு மாற்றுங்கள்."

"சார், நீங்களா?"

"அந்த ஆண்டிச்சாமி கொடுத்ததை அவருக்குத் திருப்ப எனக்கு வழியில்லை. இங்கேயாவது திருப்புகிறேன்."

காதுகுத்து அன்றைக்கு, சோழவந்தானுக்கு மேற்கே நாகஜோதியின் குலசாமி கோயில் வாசலில் பந்தல் கொள்ளாத கூட்டம். முத்திருளன் சீர்த்தட்டு வரிசையோடு மேளம் கொட்டி வந்தான். சிவபாண்டியின் கெடாவுக்குக் கழுத்தில் மாலை. அசீமின் தேக்சா வரிசையாக அடுப்பில் ஏறியிருந்தது. பாதுஷாவும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். ஆர்த்திகா மாமன் மடியில் உட்கார்ந்து மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆசாரி கம்பியை எடுத்த நேரத்தில், வானத்தில் ஒரு சத்தம். மதுரையிலிருந்து கிளம்பிய காலை விமானம் வயலுக்கு மேலே வளைந்து போனது.

"நம்ம ப்ளைட்டு! சார் போறாரு!" என்று நாகஜோதி கத்தினாள். பாதுஷா துண்டை எடுத்து வீசினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வீசினார்கள். துண்டு, முந்தானை, வாழையிலை என்று கையில் இருந்ததெல்லாம் மேலே போனது. ஆர்த்திகாவும் அண்ணாந்து பார்த்தாள். அந்த நேரத்தில் ஆசாரி காதைக் குத்தி முடித்துவிட்டார். விமானம் மறைந்த பிறகுதான் பிள்ளைக்கு அழுகையே வந்தது. நாகஜோதி அவளை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். இந்தத் தடவை அண்ணாந்து பார்க்கவில்லை, கண்மை போனால் போகிறது என்று நன்றாகவே அழுதாள்.

இந்த விசேஷத்துக்கும் சங்கிலிதான் மைக். சாப்பாடு முடிகிற நேரத்தில் ஜஸீலா அவர் காதில் போய் ஏதோ சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பூனா தேஷ்பாண்டே ஐயா சார்பா... மூணு நாள் டூட்டி!"

கூட்டம் ஒரு நொடி விழித்தது. நாகஜோதி இன்றைக்கு இங்கே நிற்பதற்கு யார் காரணம் என்று சங்கிலி விளக்கிச் சொன்னார். பந்தல் பிய்ந்துபோகிற மாதிரி கைத்தட்டல். முத்திருளன் பிள்ளையைத் தோளில் போட்டபடி நேரே ஜஸீலாவிடம் வந்தான்.

"ஏந்தாயி, அந்த ஐயா வீட்டுல விசேஷம் எப்பன்னு கேட்டுச் சொல்லு. நான் லீவு போட்டு வந்து செய்யணும்."

"அவுக வீட்டுல ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே சொல்லிட்டாகண்ணே."

"மறுபடி கேளு தாயி. மொதல்ல கேட்டப்ப அவரு நமக்கு அந்நியரு."

விமானம் அப்போது ஐதராபாத்தில் இறங்கி நின்றிருந்தது. ஜஸீலா போன் போட்டாள். தேஷ்பாண்டே எடுத்ததும் சங்கிலி போனைப் பிடித்து மைக்கின் முன்னால் வைத்துவிட்டார். "சார், முழு ஊரும் கேட்கிறது" என்று ஜஸீலா எச்சரித்துவிட்டுக் கேள்வியைக் கேட்டாள்.

மைக்கில் பயணிகளில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது. பிறகு தேஷ்பாண்டேயின் குரல் மெதுவாக வந்தது. "என் மகளுக்குச் சங்கராந்தி கழித்துக் கல்யாணம். பூனாவில். ஆபீஸில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்."

அத்தனை பேரும் ஜஸீலாவின் வாயைப் பார்த்தார்கள். அவளுக்கோ இரண்டாவது தடவையாகப் பேச்சு வரவில்லை. ஹிந்தி தெரிந்த நாகஜோதிதான் மைக்கைப் பிடுங்கினாள். "தை மாசம் பூனாவுல கல்யாணமாம்! எங்க சாரு வீட்டுக் கல்யாணம்!"

பந்தலில் எழுந்த சத்தம் போனில்லாமலே ஐதராபாத்துக்குக் கேட்டிருக்கும். "கெடா நான் பிடிச்சுருவேன்!" என்று சிவபாண்டி கத்தினான். அவர் வீட்டில் கறி சாப்பிடுவார்களா என்று யாருமே யோசிக்கவில்லை. "தேக்சா நம்மளுது" என்றான் அசீம். சங்கிலி, மைக்செட்டோடு ரயிலில் வருவதாகச் சொன்னார்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் சிவபாண்டிக்கு ஏதோ உறைத்தது. "அக்கா, நாம பூராப் பேரும் பூனா போயிட்டா, அன்னைக்கு மதுரையில யாருக்கா பறக்குறது?"

ஜஸீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் திரும்பி வந்துவிட்டது, மைக்கே தேவையில்லாத அதே குரல்.

"அதைத் தையில பாத்துக்கிருவோம்டா. நீ மொதல்ல லைன்ல இருக்குற சார்ட்ட சொல்லு, அம்புட்டுப் பேரும் வாரோம்னு."